வாசகர் கேள்வி-பதில்: கருத்துப் பெட்டியில் போட்ட கடிதம்

கேள்வி: எமது மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவில் கொழும்புப் பக்கத்திலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஒரு சவாரிக்காக வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்ற சிறுவனை, ஏறும் வாசலில் உயரம் அளந்து பார்த்து, போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே வந்தான். கருத்துப் படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்ததால், அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதிப் பெட்டியில் போட்டேன். இவற்றை யாராவது படிக்கிறார்களா?
- ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: ஒழுங்கான முகாமைத்துவம் உள்ள இடங்களில் படிக்கிறார்கள், ஒரே இடத்தைப் பற்றி ஒரே முறைப்பாடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியும் பார்க்கிறார்கள். 'மோசம்' என்று மட்டும் எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு எந்த முகாமையாளரும் எதையும் திருத்த முடியாது. எந்தச் சவாரி, எத்தனை மணிக்கு, எந்த வாசலில், என்ன நடந்தது என்று எழுதினால்தான் மறுநாள் காலையில் ஒருவரை அங்கே அனுப்பிப் பார்க்கலாம்.

உங்கள் விடயத்தில் உயர எல்லையைத் தளர்த்தும்படி கேட்பதில் பயனில்லை, கேட்கவும் கூடாது. இருக்கையின் பாதுகாப்புக் கம்பி எந்த அளவு உடலை நழுவாமல் பிடித்து வைக்கும் என்பதைப் பொறுத்து அமைந்த எல்லை அது. ஆனால் அளவுகோலை வரிசையின் தொடக்கத்திலேயே நட்டு வைக்கலாமே! அதற்குச் செலவு ஒரு கம்பமும், பக்கத்தில் நிற்க ஓர் ஊழியரும்தான். அமெரிக்காவில் ஓர்லாண்டோ நகரின் யூனிவர்சல் பூங்காவில் 2010இல் ஒரு புதிய சவாரியைத் திறந்தபோது, பருமனான பலர் வரிசையில் காத்திருந்து கடைசியில் இருக்கைக்குள் அடங்காமல் திரும்ப நேர்ந்தது. மனக்குறை பெருகவே, உட்கார்ந்து பார்ப்பதற்கான மாதிரி இருக்கையை வெளியே வைத்ததுடன், சவாரியின் சில இருக்கைகளையும் மாற்றியமைத்தார்கள். உங்கள் மாணவனுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதே அவமானம்தான்.

பெரிய பூங்காக்களும் இப்படித்தான் அடிபட்டுத் திருந்தியிருக்கின்றன. பாரிஸுக்கு அருகே 1992 ஏப்ரலில் திறக்கப்பட்ட டிஸ்னி பூங்காவில் மதுபானம் விற்கப்படவில்லை; சாப்பாட்டோடு வைன் அருந்திப் பழகிய பிரெஞ்சுக்காரர் முகஞ்சுளிக்க, மறு ஆண்டே விதி தளர்ந்தது. கலிபோர்னியாவில் 2001இல் தொடங்கிய டிஸ்னியின் இரண்டாவது பூங்கா, சிறு பிள்ளைகளுக்கு அங்கே அதிகமாக ஒன்றுமில்லை என்ற குறையைத் தொடக்கத்திலேயே சந்தித்தது. அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்கென ஒரு பகுதியைச் சேர்த்தார்கள், கூட்டம் போதவில்லை. பின்னர் 2007இல் அறிவித்து 2012இல் முடித்த திருத்த வேலைக்கு நூறு கோடி டொலருக்கும் மேல் செலவானது. எழுதிக் கேட்ட முறைப்பாட்டைவிட, வராமல் போன கூட்டமே அங்கே உரக்கப் பேசியது என்பது என் எண்ணம்.

எல்லாத் திருத்தமும் நிலைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட வரிசையைப் பற்றிய சலிப்புக்கு விடையாக, குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் போதும் என்ற சீட்டு முறையை டிஸ்னி 1999இல் இலவசமாகக் கொண்டுவந்தது; 2021இல் அதன் இடத்துக்குக் கட்டண முறை வந்ததும் முணுமுணுப்பு மறுபடி தொடங்கிவிட்டது.

படிவத்தின் மொழி தனி விடயம். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியான நாடு இது. தனியார் இடத்தைச் சட்டம் எவ்வளவு கட்டுப்படுத்தும் என்ற வாதத்துக்குள் போகாமலேயே ஒன்று சொல்லலாம்: மலையகத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகளை எதிர்பார்க்கும் பூங்கா, அவர்களின் ஆசிரியர் எழுதக்கூடிய மொழியில் தாள் வைக்காவிட்டால், பணம் தருபவரின் வாயை மூடிவிட்டுக் கருத்துக் கேட்கிறது என்றுதான் பொருள். அடுத்த முறை எழுதும்போது இதையே முதல் வரியாக எழுதுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் சிறுவர் சவாரிகள் சில நடத்துகிறேன். இணையத்தில் 'மழை, குளிர்' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள். மழைக்கு நான் என்ன செய்வது?
- வாசகர், நுவரெலியா

பதில்: மழையை நிறுத்த வேண்டாம், மழை பெய்தபோது அவர்கள் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கூரையில்லாத வரிசையில் நின்றிருப்பார்கள், அல்லது ஈரம் துடைக்காத இருக்கையில் பிள்ளையை உட்கார வைத்து, நனைந்த காற்சட்டையோடு ஹற்றன் வரை வான் வண்டியில் திரும்பியிருப்பார்கள். 1983இல் திறந்த தோக்கியோ டிஸ்னிலாந்தில், அமெரிக்கப் பூங்காவில் திறந்தவெளியாக இருக்கும் நுழைவுக் கடைத்தெருவை, ஜப்பானின் மழையை எண்ணிக் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் கட்டினார்கள். உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம். வரிசைக்கு மேலே நாலு தகரம், ஒவ்வொரு சுற்றுக்கும் இருக்கையைத் துடைக்க உலர்ந்த துணியோடு ஒரு பையன், மழை வலுத்தால் சீட்டு மறுநாளும் செல்லும் என்று மும்மொழியிலும் ஓர் அறிவித்தல் ஆகியவை போதும். அப்படிச் செய்த பிறகு, பழைய முறைப்பாட்டுக்குக் கீழேயே என்ன மாற்றினீர்கள் என்று பணிவாகப் பதில் எழுதுங்கள். புதிதாக வருபவர் அதையும் படிப்பார்.

கேள்வி: குறையை அங்கேயே சொல்வதா, வீட்டுக்கு வந்து இணையத்தில் எழுதுவதா?
- வாசகி, பண்டாரவளை

பதில்: அன்றே தீரக்கூடியதை, அதாவது கழிப்பறையில் தண்ணீர் இல்லை, இருக்கைப் பட்டி தளர்ந்திருக்கிறது போன்றவற்றை, அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்; பட்டி விடயத்தில் சவாரியை நிறுத்தும்வரை நகராதீர்கள். கட்டணம், வசதி, மொழி பற்றியவற்றை ஆறுதலாக எழுதலாம். சவாரியை இயக்கும் பையனின் பெயரை இணையத்தில் போட்டுத் திட்டாதீர்கள்; கூரை போடும் அதிகாரம் அவனிடம் இல்லை.