நைதரசு ஒட்சைட்டும் தேயிலை மண்ணும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கலாநிதிப் பட்டத்துக்குக் காற்றிலுள்ள நைதரசு ஒட்சைட்டின் சமதானிகளை (ஐசோடோப்பு என்றும் சொல்வார்கள், ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள்) ஆராய்ந்தேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு மாணவி: அக்கா, இது சிரிப்பு வாயுதானே? இதில் ஆராய என்ன இருக்கிறது?

அதேதான் தங்கச்சி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் உரத்திலிருந்து இதை உண்டாக்குகின்றன. ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு ஒரு கிலோ காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. ஒருதடவை வெளியேறினால் நூறு வருடத்துக்கு மேல் காற்றில் நிற்கும், கடைசியில் படைமண்டலத்துக்கு ஏறி ஓசோனையும் குறைக்கும். தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடி மூலக்கூறில் 270 அளவில் இருந்தது, இப்போது 335ஐத் தாண்டிவிட்டது.

நானுஓயாவிலிருந்து ஓர் ஆசிரியர்: வாயு ஒன்றுதான், அப்படியிருக்க எது உண்டாக்கியது என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?

சேர், இதைத்தான் நான் ஆசையோடு விளக்குவேன். இந்த மூலக்கூறில் நைதரசன், நைதரசன், ஒட்சிசன் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்கின்றன. இயற்கையில் ஆயிரம் நைதரசன் அணுவில் ஏறத்தாழ நாலு மட்டும் கனமானவை, திணிவெண் 15. அந்தக் கனமான அணு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அமோனியாவை நைத்திரேற்றாக்கும் (இதுதான் நைத்திரேற்றம்) நுண்ணுயிர்கள் வாயுவை விட்டால், ஓரத்தைவிட நடுவில் ஆயிரத்துக்கு 33 அளவில் கூடுதலாக இருக்கும். நைத்திரேற்றை உடைக்கும் பற்றீரியாக்கள் விட்டால் அந்த வித்தியாசம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மொத்தமாக எவ்வளவு கனமான நைதரசன் இருக்கிறது என்பது போட்ட உரத்தைப் பொறுத்து மாறும், ஆனால் இந்த இட வித்தியாசம் பெரும்பாலும் செய்த வழியைத்தான் காட்டும்.

அளப்பது திணிவு நிறமாலைமானியில், அதாவது மூலக்கூறுகளை எடைப்படி பிரித்துக் காட்டும் கருவியில். மூலக்கூறு உள்ளே உடையும்போது ஒட்சிசனோடு ஒட்டிவரும் துண்டில் இருப்பது பெரும்பாலும் நடு நைதரசன், அதனால் 30 (சாதாரண நைதரசன் 14, ஒட்சிசன் 16), 31 (கனமான நைதரசன் 15, ஒட்சிசன் 16) திணிவுகளைப் பார்த்தால் நடுவில் என்ன இருந்தது என்று தெரியும். உடையும்போது இரண்டு நைதரசனும் கொஞ்சம் இடம் மாறும், அதைக் கணக்கில் திருத்த வேண்டும். 1999இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த முறையை வெளியிட்டன.

பதுளையிலிருந்து ஒருவர்: உரத்தால்தான் கூடுகிறது என்பதற்குச் சமதானிச் சான்று உண்டா?

உண்டு. தஸ்மேனியாவின் கேப் கிரிம்மில் 1978 முதல் காற்றைச் சிலிண்டர்களில் பிடித்துச் சேமித்துவருகிறார்கள். அதோடு அந்தாட்டிக் பனியில் அகப்பட்டிருந்த பழைய காற்றையும் வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. வருடத்துக்கு வருடம் காற்றிலுள்ள நைதரசு ஒட்சைட்டில் கனமான நைதரசன் குறைந்துகொண்டே போகிறது. உரம் போட்ட மண்ணில் பிறக்கும் வாயு இலேசானது, அது கூடக் கூட மொத்தமும் இலேசாகும். உரத்தைக் கைகாட்டும் தடம் அது.

பூண்டுலோயாவிலிருந்து ஒருவர்: நம்ம தேயிலை மலையில் என்ன விசேஷம்?

விசேஷம் மண்ணின் புளிப்பு. தேயிலை பிடித்து நிற்கும் pH 5 அளவிலும் அதற்குக் கீழும், நைத்திரேற்றை உடைக்கும் பற்றீரியாக்களில் நைதரசு ஒட்சைட்டை வெறும் நைதரசனாக்கும் கடைசி நொதியம் தடுமாறுகிறது. வேலை பாதியில் நின்றால் அது நைதரசு ஒட்சைட்டாகவே வெளியே வந்துவிடும். கவ்வாத்து வெட்டிய கிளையும் இலையும் மலையிலேயே கிடந்து மக்கும்போது, மழையோடு சேர்ந்து நுண்ணுயிர்களுக்கு இரையும் கிடைக்கிறது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். புளித்த மண்ணில் பூஞ்சணங்களும் நைத்திரேற்றை உடைத்து இதே வாயுவை விடுகின்றன. அவற்றின் இட வித்தியாசமும் 30க்கு மேல், அதாவது அமோனியாவை நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்களுடையதைப் போலவே. மண்ணுக்குள்ளேயே கொஞ்சம் வாயு நைதரசனாக மாறிப்போனாலும் மிச்சத்தின் எண் மேலே ஏறும். ஆக, ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு “இத்தனை சதவீதம் நைத்திரேற்றம்” என்று தேயிலை மண்ணுக்கு எழுதினால் நான் நம்பமாட்டேன். ஒட்சிசன் 18ஐயும் (கனமான ஒட்சிசன்) சேர்த்துப் பார்க்க வேண்டும், மண் ஈரத்தையும் அளந்திருக்க வேண்டும்.

பேராதனையில் படிக்கும் ஒரு தம்பி: மாதிரி எடுப்பது எப்படி?

உரம் போட்ட மலையில், இரண்டு செடிக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மண்ணுக்குள் இறுக்கி மூடியைப் போடுவோம். 0, 20, 40 நிமிடத்தில் ஊசிக்குழாயால் காற்றை இழுத்து, ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்போம். காலை பத்து மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் ரப்பரில் நீர் முத்து முத்தாக நிற்கும், ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும்.

இன்னொன்று தம்பி: காபனீரொட்சைட்டின் திணிவும் 44, நம் வாயுவின் திணிவும் 44. சோடியம் ஐதரொட்சைட்டால் முதலாவதைப் பிடித்து அகற்றாமல் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. குப்பியையும் கவனி. என் முதல் தொகுதியை மூன்று மாதம் காத்திருந்துதான் அளக்க முடிந்தது. 40ஆவது நிமிடக் குப்பிகளில் கூட வெளிக்காற்றின் அளவே வந்தது, மூடி வழியே கசிந்திருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்கச் சேர்த்ததை அப்படியே தள்ளிவைத்தேன். அன்றைக்கு அழுதேன். அப்புறம் தெரிந்த அளவு வாயுவை நிரப்பிய சோதனைக் குப்பிகளையும் கூடவே அனுப்பத் தொடங்கினேன், நீயும் அப்படியே செய்.

லிந்துலையிலிருந்து ஓர் அண்ணன்: அப்ப உரத்தை நிறுத்தச் சொல்றீங்களா?

இல்லண்ணா. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது மலையில் என்ன ஆனது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொழுந்து குறைந்தால் முதலில் அடிபடுவது கூடையைச் சுமக்கிறவர்கள்தான். கோழி எருவும் நுண்ணுயிர் வழியே இதே வாயுவைத் தரும், அதனால் பெயரை மாற்றினால் போதாது. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், பெருமழைக்கு முதல்நாள் யூரியா போடாமல் இருப்பதும் நடக்கக்கூடிய காரியம். நனைந்து குழைந்த மண்ணில் புதிதாய்ப் போட்ட உரம் இருக்கும் அந்தச் சில நாட்களில்தான் வாயு அதிகமாகப் புறப்படுகிறது. உங்கள் மலையில் உரம் போடும் நாளையும் மழை பெய்யும் நாளையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வந்து வளையத்தை இறக்குகிறேன்.