மின்விசிறித் தூசும் போகிப் புகையும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி பகலும் இரவும் ஓடுகிறது. ஆனாலும் இறக்கையில் தூசு அப்பிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வேகத்தில் சுற்றுவதன் மேல் தூசு எப்படி உட்காரும் என்று மகள் கேட்டாள். இறக்கையை ஒட்டிய காற்று அசையாது, அதற்கு ‘எல்லை அடுக்கு’ என்று பெயர் என ஒரு காணொளியில் விளக்கினார்கள். போகிப் புகைமூட்டம் பற்றிய செய்தியிலும் அதே சொல்லைப் பார்த்தேன். விடியற்காலையில் அது நூறு மீட்டருக்குச் சுருங்கிவிடுமாம். இரண்டும் ஒன்றா? கைபேசிச் செயலி ஒன்று ‘எல்லை அடுக்கு உயரம்’ என்று காலையில் 40 மீட்டரும் மதியம் 1,300 மீட்டரும் காட்டுகிறது. அதை நம்பலாமா?

க., குரோம்பேட்டை

அன்புள்ள க.,

இரண்டும் ஒன்றுதான். ஆனால் காணொளியில் சொன்னது பாதி விடை. உங்கள் விசிறியை நிறுத்திவிட்டு இறக்கையைக் கிட்டத்தில் பாருங்கள். தூசு தடிப்பாக இருப்பது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் முன்விளிம்பில். எல்லை அடுக்கு மிக மெலிந்திருப்பதும் அதே இடத்தில்தான். ‘அசையாத காற்று தூசைக் காப்பாற்றுகிறது’ என்பது முழு விடையாக இருந்தால், அடுக்கு தடித்திருக்கும் பின்விளிம்பில் அல்லவா தூசு சேர வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 மி.மீ. விசிறி, நிமிடத்துக்கு 360 சுற்று. மையத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி இறக்கையின் வேகம் விநாடிக்கு 15 மீட்டர். இறக்கையின் அகலம் 12 செ.மீ. என்று கொண்டால், காற்று அதைக் கடக்க எடுக்கும் நேரம் 8 மில்லிவிநாடி. இறக்கையைத் தொடும் காற்று இறக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு பாகுநிலையின் (காற்றின் உள் உராய்வு) வழியாகப் பக்கத்துக் காற்றுக்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் பரவுகிறது. எவ்வளவு தூரம்? பாகுநிலையை (காற்றுக்குச் சுமார் 0.000016 ச.மீ./விநாடி) நேரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 5-ஆல் பெருக்குங்கள். 1.8 மி.மீ. வரும். பின்விளிம்பில் எல்லை அடுக்கின் தடிமன் அது. முன்விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி அரை மி.மீ. மட்டுமே. அந்த 5, ஜெர்மன் கணித அறிஞர் பிளாசியஸ் 1908-இல் தட்டைப் பலகைக்குக் கண்டுபிடித்த தீர்விலிருந்து வருவது. விசிறி இறக்கை வளைந்தது, சுழல்வது. ஆகவே இதை உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள்.

10 மைக்ரான் (0.01 மி.மீ.) தூசு ஒன்று பின்விளிம்பருகே உட்கார்ந்திருக்கிறது. அதன் நடுப்பகுதி இருக்கும் உயரத்தில் காற்றின் வேகம் 15 மீட்டர் அல்ல, விநாடிக்கு 7 செ.மீ.தான். காணொளி சரியாகச் சொன்ன பாதி இது. ஆனால் இறக்கை சுழல்வதால் அந்தத் தூசை வெளியே வீச முயலும் விசை ஒன்றும் இருக்கிறது. அது தூசின் எடையைப்போல் சுமார் 58 மடங்கு, காற்று இழுப்பதைவிடவும் அதிகம். எல்லை அடுக்கால் அதைத் தடுக்க முடியாது. அப்படியும் தூசு நகராததற்குக் காரணம், பரப்போடு அதற்குள்ள மூலக்கூறு ஒட்டுவிசை. தூசின் விட்டம் பாதியானால் ஒட்டுவிசை பாதியாகிறது. காற்றின் இழுப்போ கால்பங்காகிறது. வீசும் விசை எட்டில் ஒரு பங்காகிறது. சின்னத் தூசு ஜெயிப்பது இதனால்தான். சமையலறை எண்ணெய்ப்பிசுக்கு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முன்விளிம்பில் நடப்பது இன்னொன்று: காற்று விளிம்பைச் சுற்றி வளைந்து போய்விடுகிறது, கனமான தூசு அப்படி வளைய முடியாமல் நேரே வந்து மோதி ஒட்டிக்கொள்கிறது.

எல்லை அடுக்கு என்ற கருத்தை 1904 ஆகஸ்டில் ஹைடல்பெர்க் கணித மாநாட்டில் முன்வைத்தவர் ஜெர்மன் அறிவியலாளர் லுட்விக் பிராண்டல். அப்போது அவருக்கு வயது 29. பேசக் கிடைத்தது பத்து நிமிடம். உராய்வே இல்லாத பாய்மத்தில் (காற்று, நீர் போல ஓடுவதில்) நகரும் பொருளுக்கு எதிர்ப்பே இருக்காது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேர் 1752-இல் போட்ட கணக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பொறியாளர்களை வதைத்துக்கொண்டிருந்தது. உராய்வைப் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் கணக்கில் எடுத்தால் போதும், வெளியே மறந்துவிடலாம் என்றார் பிராண்டல். விமான இறக்கைக் கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் உருப்பட்டன.

இனி வானத்துக்கு வருவோம். அதே சூத்திரத்தில் 8 மில்லிவிநாடிக்குப் பதிலாக 12 மணி நேரத்தைப் போடுங்கள். விடை 4 மீட்டர். ஒரு பகல் முழுக்கக் கழிந்தாலும் தரையின் செய்தி பாகுநிலை வழியாக மாடி வீட்டு உயரம்கூட ஏறாது. ஆனால் மதியம் உண்மையில் அது ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வரை ஏறுகிறது. தூக்கிப்போவது சுழல்கள். வெயிலில் சூடான தரையிலிருந்து வெதுவெதுப்பான காற்று கொப்பளித்து மேலே போகிறது, அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று இறங்குகிறது. பருந்து இறக்கை அசைக்காமல் ஏறுவது இந்தக் கொப்பளிப்பில்தான். தரையின் சூடு, ஈரம், புகை, தூசு எல்லாம் எவ்வளவு உயரம் கலக்கிறதோ அதுவே வளிமண்டல எல்லை அடுக்கு.

பொழுது சாய்ந்தால் தரை வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. அதைத் தொடும் காற்று முதலில் குளிர்கிறது. மேலே வெப்பம், கீழே குளிர்: வானிலைக்காரர்கள் இன்வர்ஷன் என்பது இதை. கனமான குளிர்காற்றைத் தூக்க முயலும் சுழல் அங்கேயே செத்துவிடுகிறது. பகலில் ஒன்றரை கிலோமீட்டர் இருந்த அடுக்கு நூறு, இருநூறு மீட்டராகிறது. உண்மையில் பழைய அடுக்கு சுருங்குவதில்லை. அது மேலே அனாதையாக நிற்க, கீழே புதிதாக ஒரு குட்டி அடுக்கு உருவாகிறது. செய்தித்தாள்கள் ‘சுருங்கியது’ என்றே எழுதும், போகட்டும்.

போகியன்று டயரையும் பழம்பாயையும் கொளுத்துவது காலை நான்கரை, ஐந்து மணிக்கு. ஜனவரியில் சென்னையில் சூரியன் உதிப்பது ஆறரைக்குச் சற்றுப் பிறகு. இன்வர்ஷன் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் கொளுத்துகிறோம். கலக்கும் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் காற்றோட்டக் குறியீடு கிடைக்கும். விடியலில் 100 மீட்டர், விநாடிக்கு 1 மீட்டர் என்றால் 100. மதியம் 1,500 மீட்டர், 5 மீட்டர் என்றால் 7,500. அதே புகைக்கு 75 மடங்கு இடம். டெல்லிக்கான வானிலை அறிக்கைகளில் இந்த எண் 6,000-க்குக் கீழே போய், காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்தால் மாசு கலைய ஏற்றதல்ல என்பார்கள். மார்கழிக் கடைசியில் காற்றில் ஈரமும் நிறைவுநிலையை ஒட்டி இருப்பதால், புகைத்துகள்கள்மேல் நீர் படிந்து மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். 2018 போகியன்று சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டது இதனால்தான். புகையே வெயிலை மறைப்பதால் தரை சூடாவதும் தாமதமாகும்.

சூரியன் ஏறியதும் எல்லா இடத்திலும் காற்று சுத்தமாகிவிடாது. இந்தியாவில் 500 மெகாவாட் அனல்மின் அலகுகள் பலவற்றின் புகைபோக்கி உயரம் 275 மீட்டர். இரவில் அவற்றின் புகை குட்டி அடுக்குக்கு மேலே, தரைக்கு வராமல், பட்டையாக நீண்டு கிடக்கும். காலையில் வளரும் அடுக்கு அந்த உயரத்தைத் தொட்டதும் அத்தனையும் கலந்து கீழே இறங்கும். எட்டு, ஒன்பது மணிவாக்கில் காற்று மாசு அளவுமானி திடீரென்று எகிறினால் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் இதை நினையுங்கள்.

செயலியின் மதிய எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். மீனம்பாக்கத்திலிருந்து காலை 5.30-க்கு வானிலை பலூன் விடுகிறார்கள். உயரமும் வெப்பநிலையும் கொண்ட அதன் அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அன்றைய அதிகபட்ச வெப்பநிலையை எடுத்து, 100 மீட்டருக்கு 0.98 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே மேலே போங்கள். அது பலூன் அளந்த வெப்பநிலைக்குச் சமமாகும் உயரமே மதியக் கலப்பு உயரம். எடுத்துக்காட்டாக, பலூன் 1,000 மீட்டரில் 18.5, 1,500 மீட்டரில் 16 டிகிரி காட்டி, பகல் உச்சம் 30 என்றால், இரண்டும் சமமாவது சுமார் 1,350 மீட்டரில். மாலை 5.30 பலூனைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள். அதற்குள் கொப்பளிப்பு அடங்கியிருக்கும். நீங்கள் அளப்பது மேலே அனாதையாக நிற்கும் அந்த மிச்ச அடுக்காக இருக்கும். கடற்காற்று புகுந்த நாளிலும் இந்தக் கணக்கு ஏமாற்றும். குளிர்ந்த கடற்காற்றுக்குள் அடுக்கு கரையில் தாழ்வாகத் தொடங்கி, உள்ளே போகப் போகத்தான் உயரும்.

விடியற்காலை 40 மீட்டரை ‘தாழ்வு’ என்று மட்டும் படியுங்கள். 40-க்கும் 90-க்கும் வித்தியாசம் சொல்லும் துல்லியம் அதற்குக் கிடையாது. இந்த எண்கள் வானிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகளிலிருந்து வருபவை. ஐரோப்பிய மாதிரியில் காற்றின் நிலைத்தன்மையைக் குறிக்கும் ரிச்சர்ட்சன் எண் 0.25-ஐத் தாண்டும் இடத்தை அடுக்கின் உச்சி என்று வைத்திருக்கிறார்கள். வேறொரு மாதிரியில் வரையறையே வேறு. 28 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடும் மாதிரியாக இருந்தால், கடலிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள உங்கள் ஊர்க் கட்டத்தில் பாதி வங்கக் கடலாகவே இருக்கக்கூடும். கடலின் மேல் இரவும் பகலும் இவ்வளவு மாறுவதில்லை.

விசிறிக்கு ஈரத்துணிதான். வாயால் ஊதிப் பார்க்க வேண்டாம், பெரிய தூசு மட்டும் உங்கள் கண்ணில் வந்து விழும்.