கேபிளை நிறுத்தும் முன்: வாசகர் கேள்வி - பதில்

கேபிளுக்கு மாதம் 280 ரூபாய் கட்டுகிறோம். அம்மாவுக்கு சன், விஜய், ஜீ தமிழ் சீரியல்கள்; அப்பாவுக்குச் செய்தி. எல்லாமே இப்போது நெட்டில் வருகிறதாமே, கேபிளை நிறுத்திவிட்டால் பணம் மிச்சமாகுமா?
*- வாசகி, கும்பகோணம்*

வீட்டில் ஏற்கெனவே பிராட்பேண்ட் இருந்தால் மிச்சமாக வாய்ப்புண்டு. கேபிளை நிறுத்துவதற்காகவே புதிதாகப் போடுவதென்றால் செலவு கூடத்தான் செய்யும். 399 ரூபாய்த் திட்டம் என்று சொல்வார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் கையை விட்டுப் போவது 471 ரூபாய். ஆப் சந்தா அதற்கு மேல்.

அப்பாவுக்குச் செலவே இல்லை. புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் நியூஸ் மூன்றும் யூடியூபில் நேரலையாக இலவசமாக ஓடுகின்றன. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்களும் கிடைக்கும். சிக்கல் அம்மாவின் சீரியல்களில்தான். சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் வராது. மூன்றும் வேண்டுமென்றால் மூன்று சந்தா.

அதனால் முதலில் ஒரு வாரம் டிவி பக்கத்தில் ஒரு தாள் வைத்து, யார் எந்தச் சேனலை உண்மையிலேயே பார்க்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். பல வீடுகளில் அது ஆறேழு சேனலைத் தாண்டாது. சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-லேயே தந்துவிட்டது. வேண்டாத தொகுப்புகளை நீக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் கேளுங்கள். அடிப்படைக் கட்டணத்தோடு அந்த ஆறேழு சேனலுக்கு மட்டும் என்ன வருகிறது என்று கணக்கிடுங்கள். மூன்று சந்தாவை விட அது குறைவாக வந்தால், அம்மாவுக்குக் கேபிள் இருக்கட்டும். சேனல் எண்ணைத் தட்டிப் பழகியவரை ஆப், புரொஃபைல், பாஸ்வேர்ட் என்று அலைய வைப்பதும் ஒரு செலவுதான்.

மாறியே தீருவது என்றால் ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். ஆண்டுச் சந்தா மலிவு என்றாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். பிராட்பேண்டோடு இலவசமாக வரும் ஓடிடி, டிவியில் ஓடுமா அல்லது போனில் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான். டிவிக்கு 199-லிருந்து தொடங்குகிறது. கடைசியாக, செட்டாப் பாக்ஸைத் திருப்பித் தரும்போது பெட்டியின் எண்ணைக் குறித்த ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

டிவியில் செருகி ஓடிடி பார்க்கும் ஃபயர் ஸ்டிக் வாங்கினோம். அரைமணிக்கு ஒருமுறை தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. போனில் நெட் வேகம் 80 எம்பிபிஎஸ் காட்டுகிறது, டிவியிலோ படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெரிய திட்டத்துக்கு மாறலாமா?
*- வாசகர், திருநெல்வேலி*

மாற வேண்டாம். முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. உங்களிடம் வேகம் தாராளமாக இருக்கிறது. டிவிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அணைந்து தொடங்குவது பெரும்பாலும் மின்சாரக் குறை. ஸ்டிக்கின் வயரை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறீர்களா? பழைய டிவிகளில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

படம் சுற்றுவதற்குக் காரணம் வைஃபை. டிவியின் முதுகுப் பக்கம் ஒட்டிக்கிடக்கும் ஸ்டிக்குக்குச் சிக்னல் சரியாக எட்டாது. பெட்டியில் குட்டையான எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால், அதைப் போட்டு ஸ்டிக்கை வெளியே தொங்க விடுங்கள். ரவுட்டர் அதே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். இரண்டு சுவர் தாண்டினால் அது படுத்துவிடும்; அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் நிலையாக நிற்கும். சிக்னலைப் போனில் அளக்காமல், ஸ்டிக்கின் நெட்வொர்க் அமைப்பிலேயே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதைச் சரிசெய்யப் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கிவிடாதீர்கள். வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டியில் கட்டண ஆப்கள் பெரும்பாலும் எச்டி தராது. பெட்டியின் மேல் 4கே என்று அச்சடித்திருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும்.

எங்களிடம் பழைய குண்டு டிவி. இதில் ஓடிடி பார்க்க முடியுமா?
*- வாசகர், மன்னார்குடி*

முடியும். ஃபயர் ஸ்டிக் போன்றவற்றின் எச்டிஎம்ஐ இணைப்பைப் பழைய டிவியின் ஏவி துளைக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். திசையைப் பார்த்து வாங்குங்கள்: ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவதும் அதே உருவத்தில் பக்கத்திலேயே விற்கும், அது உதவாது. ஆனால் அகலப் படம் ஒடுங்கும், எழுத்து படிக்க முடியாமல் பொடியாகும். அதற்குப் பணம் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தூர்தர்ஷனின் டிஷ் சேவையான, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி அந்த டிவியில் நேராக ஓடும். சன், விஜய் அதில் வராது. டிடி தமிழ் வரும்.

ஒரு ஆப்பை நீக்கி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் பணம் போகிறதே?
*- வாசகி, ஈரோடு*

ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. முதலில் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு, யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால், கூகுள் பே, போன்பே எதுவானாலும் அதில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நாம் தந்த அனுமதிகள் இருக்கும் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே இருக்கும் அனுமதியையும் ரத்து செய்யுங்கள். ரத்து ஆனதற்கு வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். பொதுவாக, பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.