'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' சிறையிலிருந்து ஒருவன் தப்பிக்கும் கதைதானே? ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

முடிவு வரை எல்லாவற்றையும் பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் முறை பார்த்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். கல்லூரி விடுதியில் ஒரே கணினி முன்னால் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். செய்யாத கொலைக்கு இரட்டை ஆயுள் தண்டனை வாங்கிய வங்கி அதிகாரி ஆண்டி, கைக்குள் அடங்கும் சுத்தியலால் பல வருடம் சுவரைக் குடைந்து, 500 கஜம் சாக்கடைக் குழாயில் ஊர்ந்து, கொட்டும் மழையில் வந்து நிற்கிறான். அறையே விசிலடித்தது. எங்களுக்குப் படம் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு வருவதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

இப்போது பார்க்கும்போது அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் இது ஆண்டியின் சிறை நண்பர் ரெட்டின் கதை. கதையைச் சொல்லும் குரலே அவருடையதுதான், நடித்தவர் மார்கன் ஃப்ரீமன். எல்லோரும் தன்னை நிரபராதி என்று சொல்லிக்கொள்ளும் சிறையில், ஆமாம், கொலை செய்தேன் என்று ஒப்புக்கொள்பவர். வெளியிலிருந்து எந்தப் பொருளையும் வரவழைத்துக் கொடுப்பார். ஆனால் ஆண்டி நம்பிக்கை என்று பேச்செடுத்தால் மட்டும் முகம் இறுகிவிடும். அது ஆளைப் பைத்தியமாக்கிவிடும் என்பார். 30 வருடம் உள்ளே இருந்த பிறகும் விடுதலை மனு நிராகரிக்கப்படும் நாளில் ஆண்டி அவருக்கு ஒரு மவுத்ஆர்கன் பரிசளிக்கிறான். ஆண்டியின் முன்னால் அவர் அதை வாசிக்கவில்லை. இரவில் தனியாக ஒரே ஒரு முறை மெல்ல ஊதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்த ஒற்றை ஒலி எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும்.

ரெட் எதற்கு அப்படிப் பயப்படுகிறார் என்பது நூலகர் புரூக்ஸைப் பார்த்தால் புரியும். 50 வருடம் உள்ளே இருந்த கிழவர். விடுதலை என்று சொன்னதும் சக கைதியின் கழுத்தில் கத்தியை வைக்கிறார், குற்றம் செய்தால் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள் என்று. சுவர்களை முதலில் வெறுப்போம், அப்புறம் பழகிவிடும், கடைசியில் அவை இல்லாமல் இருக்க முடியாது என்று ரெட் அப்போதுதான் சொல்கிறார். வெளியே வந்த புரூக்ஸுக்கு ஒரு வாடகை அறை, மளிகைக் கடையில் பொருட்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. சின்ன வயதில் ஒரே ஒரு கார் பார்த்தவர், இப்போது சாலையைக் கடக்கவே திணறுகிறார். தான் வளர்த்த காக்கை ஜேக் தேடி வருமோ என்று பூங்காவில் உட்கார்ந்து பறவைகளுக்கு இரை போடுகிறார். அது வரவில்லை. துப்பாக்கி வாங்கிக் கடையைக் கொள்ளையடித்தால் திரும்பச் சிறைக்கே அனுப்புவார்களா என்றுகூட யோசிக்கிறார். கடைசியில் அறை உத்தரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுத் தூக்கில் தொங்குகிறார். புரூக்ஸாக ஜேம்ஸ் விட்மோர் நடித்தது மொத்தத்தில் கொஞ்ச நேரம்தான்.

பல வருடம் கழித்து ரெட் விடுதலையாகிறார். அதே அறை, அதே மளிகைக் கடை வேலை, தலைக்கு மேலே அதே உத்தரம். சிறுநீர் கழிக்கப் போவதற்கும் மேலாளரிடம் அனுமதி கேட்கிறார், 40 வருடப் பழக்கம். அடகுக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று துப்பாக்கிகளைப் பார்க்கிறார். புரூக்ஸ் போன வழியில் எல்லாம் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு வித்தியாசம். தப்பிக்கும் முன் ஆண்டி அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான். வெளியே வந்தால் பக்ஸ்டன் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வயல், நீளமான கல் சுவர், பெரிய ஓக் மரம். அந்தச் சுவரில் அங்கே இருக்கவே வேண்டாத ஒரு கறுப்புக் கல் இருக்கும், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார் என்று. அவ்வளவுதான். ரெட் அந்தக் கடையில் வாங்குவது துப்பாக்கியை அல்ல, பக்கத்தில் கிடந்த திசைகாட்டியை. அதைப் பிடித்துக்கொண்டு வயல்வெளியில் நடக்கிறார்.

இதை நான் புரிந்துகொண்டது வேலையில்லாமல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் படுத்துக்கிடந்த மாதங்களில். விடுதியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த நண்பன் வாரம் தவறாமல் கூப்பிடுவான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "டேய், ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில எனக்கு இந்தப் புத்தகம் கிடைக்குதான்னு பாருடா" என்பான். கிடைத்தால் அடுத்த வாரம் இன்னொரு பெயர். அவன் அப்படியொன்றும் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுந்து, குளித்து, வெளியே போனேன்.

கொண்டாட்டம் என்று கேட்டதால் ஒன்று: 1994இல் வெளிவந்தபோது இதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம், முதல் சுற்றில் அந்தச் செலவைக்கூட எடுக்கவில்லை. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. பிறகு வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் வீட்டுக்கு வீடு போய்த்தான் பெயர் எடுத்தது. தனியாக உட்கார்ந்து பார்க்கிறவர்களைத் தேடிப்போய்ப் பிடித்த படம் என்று எனக்குத் தோன்றும். படத்தில் வந்த ஓக் மரம் ஒஹாயோ மாநிலத்தில் இருந்தது. 2011இல் இடி விழுந்து பிளந்து, 2016இல் காற்றில் சாய்ந்துவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நண்பனுக்கு ஃபோன் செய்தேன்.

இயக்குநர் ஃபிராங்க் டாரபான்ட் முதலில் ரெட் பேருந்தில் போவதோடு முடிக்கத்தான் நினைத்தாராம். தயாரிப்புத் தரப்பு வற்புறுத்தியதால் ரெட்டும் ஆண்டியும் சந்திக்கும் கடற்கரைக் காட்சி சேர்ந்தது. பேருந்தோடு முடிந்திருந்தால் இன்னும் நேர்த்தி என்பவர்கள் உண்டு. நான் தயாரிப்பாளர்கள் பக்கம். புரூக்ஸுக்காக வெளியே யாரும் காத்திருக்கவில்லை. ரெட் மணலில் நடந்து வரும்போது, அங்கே ஒருவன் பழைய படகைத் தேய்த்துக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்தாக வேண்டும்.