வலிப்பு மாத்திரையால் தைராய்டு குறையுமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. கால்-கை வலிப்புக்கு 11 ஆண்டுகளாகக் கார்பமசெபின் சாப்பிடுகிறார். நான்கு ஆண்டுகளாக வலிப்பே வரவில்லை. சோர்வாக இருக்கிறது என்றதால் ரத்தப் பரிசோதனை செய்தோம். ஃப்ரீ டி4 குறைவு, டிஎஸ்ஹெச் 2.8. தைராய்டு நோய் வந்துவிட்டதா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம், ஒரு வேளைகூட. நான்கு ஆண்டுகள் அடங்கிக் கிடந்த வலிப்பு, மாத்திரையைத் திடீரென விட்டால் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பரிசோதனை அறிக்கையில் டி4 எண்ணை, அதாவது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனின் அளவை, தடித்த எழுத்தில் பார்த்துப் பயந்திருப்பீர்கள். நான் முதலில் பார்ப்பது டிஎஸ்ஹெச் வரியைத்தான். தைராய்டு சுரப்பி தளர்ந்துபோனால், அதை விரட்டி வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சை அதிகமாகச் சுரக்கும். 2.8 என்பது இயல்பான அளவு. ஆகவே சுரப்பி தளர்ந்துவிட்டதாகத் தெரியவில்லை.

அப்படியானால் டி4 ஏன் குறைந்தது? கார்பமசெபின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவை தைராய்டு ஹார்மோனையும் வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகின்றன. ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் மாத்திரைகளும் இப்படித்தான். வால்ப்ரோயேட் வேறு வகை. அதில் சிலருக்கு டிஎஸ்ஹெச் சற்று ஏறும். லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் பெரும்பாலும் தைராய்டைத் தொடுவதில்லை.

டி4 எண்ணை மட்டும் பார்த்துத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) தொடங்குவதை நான் ஏற்க மாட்டேன். தேவையில்லாமல் கொடுத்தால் படபடப்பு வரும். அளவு மிகுந்தால் வலிப்பையும் தூண்டக்கூடும். ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிறவர்களின் கதை வேறு. அவர்களுடைய சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது. கார்பமசெபின் சேர்ந்தால் தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

சோர்வுக்கு வேறு காரணம் தேடுங்கள். கார்பமசெபின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். அதுவே ஆளைத் துவள வைக்கும். ஹீமோகுளோபின், வைட்டமின் டி அளவுகளையும் பார்த்துவிடுங்கள். மாத்திரையின் அளவு கூடியிருந்தாலும் தூக்கக்கலக்கம் இருக்கும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். மாதவிடாய் நின்றுபோவது, விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பிட்யூட்டரியிலேயே கோளாறு இருக்கலாம். அப்போது டிஎஸ்ஹெச் இயல்பாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரை உடனே பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 இரண்டையும் மறுபடி பாருங்கள். ஆய்வகச் சீட்டில் 'கார்பமசெபின் எடுக்கிறார்' என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள்.