சாணிக் குழிக்குச் சிரிச்ச கூட்டம் மணப்பெண் காட்சிக்கு ஏன் சிரிக்கல?

உங்க நகைச்சுவைப் படத்துல மணப்பெண்ணோட உடம்பைக் கேலி பண்ற அந்த மூணு நிமிஷத்தை வெட்டிடுங்க. மாப்பிள்ளை சாணிக் குழியில விழுறது அப்படியே இருக்கட்டும்.

கும்பகோணத்துல படத்தைப் போட்டுக் காட்டினப்போ குழிக் காட்சிக்கு ஹாலே சிரிப்பால அதிர்ந்துச்சு, அடுத்து வந்த மணப்பெண் காட்சியில அமுங்கிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆபாசம் கூடிப்போனதால இல்லீங்க. நம்ம டெல்டா ஜனங்க திருவிழாவுல விடியவிடிய கரகாட்டம் பார்த்தவங்க. பச்சைப் பேச்சு அவங்களுக்குப் புதுசில்ல. ஆனா அங்க பபூன் எவ்வளவு கொச்சையாப் பேசினாலும், ஆடுற பொண்ணு பதிலுக்கு ஒண்ணு போட்டு வாயை அடைச்சிடும். சிரிப்பு வெடிக்கிறதே அந்த இடத்துலதான். உங்க மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டி மிடுக்கா வந்து தானே விழுறான். மணப்பெண்ணுக்கோ ஒரு வசனம்கூட இல்ல.

அடுத்த தடவை போடறப்போ பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் நின்னு, திரையைப் பார்க்காம காதை மட்டும் கொடுங்க. நண்பர்கள் சிரிப்பைக் கணக்குல சேர்க்காதீங்க.

வெட்ட மனசில்லன்னா அந்தப் பொண்ணுக்கு நல்ல பதிலடி ஒண்ணு எழுதுங்க.

தியேட்டர்ல போடறதா இருந்தா தணிக்கை வேணும். 2024லேர்ந்து, பெற்றோர் வழிகாட்டுதலோட பிள்ளைங்க பார்க்கலாம்னு சொல்ற யு/ஏ சான்றிதழை வயசுப்படி 7+, 13+, 16+னு பிரிச்சிருக்காங்க. எது கிடைக்குதுன்னு தெரியாம 'குடும்பத்தோடு வாருங்கள்'னு போஸ்டர் அடிச்சிடாதீங்க.