கை பீடித்தட்டில், மனசு துபாயில்

கேள்வி: வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறேன். கை தட்டில் இருக்கிறது; மனசு துபாயில் இருக்கிற மகனிடம் போய்விடுகிறது. அங்கிருந்து போன வருஷச் சண்டைக்கு, அப்புறம் வரப்போகிற வட்டிக்கு. ‘இந்த நிமிஷத்தில் இரு, நிம்மதி வரும்’ என்கிறார்கள். எப்படி இருக்கணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காங்க.
- வாசகி, முக்கூடல்

பதில்: மனசு ஓடுவது உங்கள் குறை இல்லை அம்மா. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் செல்போன் வழியாக, நாளின் பல வேளைகளில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு எதில் இருக்கிறது?’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீத வேளைகளில் மனசு செய்கிற வேலையில் இல்லை. இனிமையான நினைப்பில் மூழ்கியிருந்தவர்கள்கூட, கைவேலையில் மனசு வைத்திருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கவில்லை.

நாள் முழுக்க முயல வேண்டாம். காலையில் தட்டை மடியில் வைத்ததும் முதல் பத்து பீடி போதும். நனைத்த இலையின் ஈரம் விரல்நுனியில் படுவது, கத்தரிக்கோல் இலையை வெட்டும் சத்தம், தூளின் நெடி, இவற்றை அப்படியே உணருங்கள். நூல் சுற்றி இறுக்கும்போது, ‘மனசு எங்கே?’ என்று ஒரு தடவை பாருங்கள். மகனிடம் போயிருந்தால் ‘மகன்’ என்று உள்ளுக்குள் ஒரே சொல். திட்ட வேண்டாம். அடுத்த இலையை எடுங்கள். பத்து பீடிக்குள் எட்டுத் தடவை ஓடினால் எட்டுத் தடவை திரும்பி வந்திருக்கிறீர்கள். பயிற்சி என்பதே அந்தத் திரும்புதல்தான். இது புரியாமல், ‘எனக்கு வரவில்லை’ என்று மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இன்னொரு தப்பு, நினைப்பை விரட்டுவது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொன்னால் அதுதான் திரும்பத் திரும்ப வரும். 1987-ல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தது இது. மகன் நினைப்பு வரட்டும், இருக்கட்டும். நினைப்பு வந்ததைக் கவனித்துவிட்டால், அதன் பின்னாலேயே போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். விடுதலை என்று பெரிய வார்த்தையில் சொல்வது அந்த இடைவெளியைத்தான். முதல் வாரம் அந்தப் பத்து பீடி கொஞ்சம் மெதுவாகவே நகரும். அதனால் கணக்குக் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டாம் வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பத்து.

கேள்வி: மகள் காலேஜ் பீஸ், வீட்டுக் கடன் இரண்டும் தலைக்கு மேல். நாளையைப் பற்றி நினைக்காதே என்பது பொறுப்பில்லாத பேச்சு அல்லவா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நாளைக்குத் திட்டம் போடுவதும் இன்று செய்கிற வேலைதான். அதற்கென்று நேரம் ஒதுக்காததால்தான் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கடன் கூடவே வருகிறது. போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 1983-ல் சொன்ன முறை ஒன்று உண்டு: கவலைக்குத் தினமும் அரை மணி நேரம், ஒரே நேரம், ஒரே இடம். சாயங்காலம் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கவலை வந்தால் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி, ‘ஆறு மணிக்கு’ என்று சட்டைப்பையில் போடுங்கள். ஆறு மணிக்குச் சீட்டுகளைப் பிரித்து, செய்யக்கூடியதற்கு நேராக எந்த நாள், எந்த பேங்க், யாரைப் பார்ப்பது என்று எழுதுங்கள். ‘பீஸுக்கு வழி பார்க்கணும்’ என்று எழுதினால் அது திட்டம் ஆகாது, மறுபடியும் அரிக்கும். ‘புதன் காலை பத்தரைக்கு மேனேஜரைப் பார்த்துத் தவணை கேட்பது’ என்று எழுதினால் மனசு விடும். அரை மணி முடிந்ததும் எழுந்துவிடுங்கள். படுக்கையில் வைத்து மட்டும் இதைச் செய்யாதீர்கள். படுக்கையைப் பார்த்தாலே கவலை வரப் பழகிவிடும்.

கேள்வி: கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் படபடப்புதான் கூடுகிறது.
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அப்படியானால் கண்ணையும் மூட வேண்டாம், மூச்சையும் பார்க்க வேண்டாம். சிலருக்கு மூச்சைக் கவனிக்கக் கவனிக்க, அது சரியாக வரவில்லையோ என்ற பயமே பெரிதாகும். உங்களுக்குத்தான் தாமிரபரணி பக்கத்திலேயே இருக்கிறதே. தண்ணீர் குறைவாக ஓடும் நாளில், கடைசிப் படிக்கு முந்தின படியில் உட்கார்ந்து கணுக்கால் வரை காலை விடுங்கள். குளிர்ச்சி, இழுப்பு, விரலைக் கொத்தும் மீன்குஞ்சு: கவனம் காலில் இருக்கட்டும், கண் திறந்தே இருக்கட்டும். ஐந்து நிமிஷம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், அணை திறந்த நாளிலும் ஆற்றுப் பக்கமே போகக்கூடாது. வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் காலை வைத்தால் போதும்.

தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.